கத்தீபில் அடைத்த மடை

எங்கள் நிலம் பசுவந்தனைக்குக் கிழக்கே இருக்கிறது. கரிசல். மழையை நம்பிய காடு. பெய்தால் கம்பு, உளுந்து, கொத்தமல்லி, மிளகாய். பெய்யாவிட்டால் வெடிப்பு. மேகம் கூடியதும் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வரப்பை உயர்த்துவோம். விழுகிற தண்ணீர் நம் காட்டைத் தாண்டிப் போகக் கூடாது. எனக்குத் தெரிந்த விவசாயம் அவ்வளவுதான். படிப்பு ஐந்தாவதோடு சரி.

மூன்று வருடம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. மனைவி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தாள். நான் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். சவுதியில் தோட்ட வேலை என்றார். பாலைவனத்தில் என்ன தோட்டம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அது.

விமானம் இறங்கியதும் வேனில் ஏற்றினார்கள். காலை நேரம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மணல். அதையே பார்த்துக்கொண்டு வந்ததில் கண் அசந்துவிட்டது. முழித்தபோது வேன் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். அது நிழல். பேரீச்சை மரங்கள், ஒன்றின் தலை ஒன்றின் மேல் விழுந்து கிடந்தன. வெயில் தரைக்கு வரவே இல்லை. ஈர மண் வாடை வந்தது. எங்கேயோ தண்ணீர் ஓடுகிற சத்தம். இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த ஊர் கத்தீப். சவுதியின் கிழக்குக் கரை. ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் கடல், நடுவில் தோப்பு.

எங்கள் தோப்புக்கு மேற்கே ஓர் ஊற்று இருந்தது. வட்டமாகக் கல் கட்டியிருப்பார்கள். இறங்கப் படி உண்டு. அடியிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கி வரும். மோட்டார் கிடையாது. கமலை கிடையாது. யாரும் இறைக்க வேண்டாம். வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் குளிக்க இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. சின்ன மீன்கள் காலைக் கடித்தன. ஓர் ஆமை தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. கழுத்தளவு நின்றேன். எங்கள் ஊரில் ஒரு மனிதன் கழுத்தளவு தண்ணீரில் நின்று எத்தனை வருடம் இருக்கும் என்று யோசித்தேன். விரல் சுருங்கும்வரை நின்றேன்.

தோப்புக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை. கொஞ்ச நாள் கடல், கொஞ்ச நாள் கரை. கரைக்கு வந்தால் நேரே தோப்புக்கு வருவார். அதிகம் பேசமாட்டார். எனக்கும் அரபி வராது. பொருந்திப் போனது.

பேச்சுக்கு ஓர் ஆள் இருந்தார். நாகலாபுரத்துக்காரர். வீட்டில் தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூப்பு. கிழக்கே கொஞ்ச தூரத்தில், தாழ்ந்த இடத்தில் இருந்த ஒரு சின்னத் தோப்பில் வேலை செய்தார். அந்தத் தோப்பு ஒரு விதவை அம்மாளுடையது. நான் போனபோதே ஏழு வருடமாக அங்கே இருந்தார். அரபி தண்ணீராக வரும். நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னை ஏலே என்பார். முதல் தடவை பார்த்தபோதே கேட்டார்.

"ஏலே, எந்த ஊரு?"

"பசுவந்தனைப் பக்கம்."

"அப்ப ஒனக்குத் தண்ணின்னா என்னன்னே தெரியாதே."

"நாகலாபுரத்துல மட்டும் ஆறா ஓடுது?"

"ஓடும்லே. வெயில்ல பாத்தா ஓடுத மாதிரியே தெரியும். கிட்டப் போனா இருக்காது."

வெள்ளிக்கிழமை வேலை இல்லை. அண்ணாச்சியும் நானும் கடற்கரைக்கு நடப்போம். அங்கே அலை கிடையாது. கடல் வற்றிப் பின்னால் போகும், பிறகு சத்தமில்லாமல் திரும்பி வரும். கரையோரச் சேற்றில் அலையாத்திச் செடிகள் நிற்கும். பேரீச்சை மட்டையை நட்டு வளைத்து மீன் பிடிக்கிற கண்ணி ஒன்று, தண்ணீர் வற்றினால் தரையில் எழுதிய எழுத்து மாதிரி தெரியும். அங்கே உட்கார்ந்துகொண்டு அண்ணாச்சி தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். கேள்விப்பட்டது பாதி, அவராகச் சேர்த்தது பாதி. எது எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

"இந்தக் கடல்ல முத்துக் குளிச்சிருக்காவ, தெரியுமா? நம்ம தூத்துக்குடி மாதிரியே. மூக்குல ஒரு கிளிப்பு, கால்ல கல்லு. முங்கி எடுத்து, பாய்க்கப்பல்ல பம்பாய்க்குக் கொண்டுபோய் வித்திருக்காவ."

"பம்பாய்க்கா?"

"ஆமாலே. பேரீச்சங்காயும் போயிருக்கு. செங்காயா இருக்கும்போதே பறிச்சு, பெரிய செப்புக் கொப்பரையில அவிச்சு, வெயில்ல காயப்போட்டு, மூடை மூடையா. திரும்பி வரும்போது அரிசி, துணி, தேக்குமரம். எங்க தோப்புக்கார அம்மா வீட்டு வாசக் கதவு நம்ம மலையாளக் கரைத் தேக்கு. நான் அதத் தொறக்கும்போதெல்லாம் மனசுக்குள்ள, என்னப்பா சௌரியமான்னு கேப்பேன்."

எனக்குக் கோவில்பட்டி மார்க்கெட்டில் சாக்கில் வைத்து விற்கிற காய்ந்த பேரீச்சங்காய் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஒன்றைக் கடித்துப் பல் ஆடியது. அது எந்த மரத்திலிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

இன்னொரு வெள்ளிக்கிழமை பழைய ஊரைக் காட்டினார். பழைய ஊர் என்று ஒன்றும் இல்லை. வெறும் கட்டாந்தரையில் கார்களை நிறுத்தியிருந்தார்கள்.

"இங்கன ஒரு கோட்டை இருந்துச்சாம். சுவத்துக்குள்ள அம்புட்டு ஊரும். சந்து எல்லாம் கழுதை ஒண்ணு போற அகலம். மேல மாடிக்கு மாடி பாலம் போட்டிருக்கும். நான் வாரதுக்குக் கொஞ்ச காலம் முந்திதான் இடிச்சுருக்காவ. நம்ம பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைய இடிச்சு ஆமணக்கு வெதச்சான்லா வெள்ளக்காரன், இவிய அதக்கூட வெதைக்கல."

ஓரமாகச் சில சுவர்கள் மிச்சம் நின்றன. கிட்டப் போய்ப் பார்த்தேன். சாதாரணக் கல் இல்லை. கடலிலிருந்து வெட்டிய பவளக்கல். துளைத் துளையாக, உள்ளே சிப்பி பதிந்து இருந்தது. காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சுவர் குளிர்ந்திருந்தது.

பக்கத்தில் தாரூத் என்று ஒரு தீவு. ரோடு போட்டு இணைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு மேடு. மேட்டின் மேல் இடிந்த கோட்டை. அடியில் ஓர் ஊற்று. அந்த மேடு இயற்கையான மேடு இல்லையாம். ஆள் வாழ்ந்து, வீடு விழுந்து, அதன் மேல் வேறு ஆள் வீடு கட்டி, அதுவும் விழுந்து, அப்படியே உயர்ந்ததாம். எங்கள் காட்டில் உழும்போது தாழி உடைந்து ஓடு ஓடாக வரும். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. அதை எடுத்து வரப்போரம் எறிந்துவிட்டு உழுவோம். தாரூத் மேட்டில் நிற்கும்போது காலுக்குக் கீழே அந்த மாதிரி எத்தனை அடுப்பு, எத்தனை பானை என்று தோன்றியது. எல்லாரும் இந்த ஊற்றில்தான் குடித்திருக்கிறார்கள். அரசர்கள் வந்திருக்கிறார்கள், கப்பல்கள் வந்திருக்கின்றன. தண்ணீருக்கு அதெல்லாம் தெரிந்த மாதிரி இல்லை. அது பாட்டுக்குப் பொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் எல்லா ஊற்றும் அப்படி இல்லை. நான் போன காலத்தில் பல ஊற்று வற்றியிருந்தது. கல் வட்டம் மட்டும் இருக்கும், உள்ளே குப்பை கிடக்கும். எங்கே பார்த்தாலும் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்றார் அண்ணாச்சி. தோப்பை விட்டுவிட்டு மனையாக விற்கிறார்கள். ஒரு தோப்பு காய்ந்தால் அடுத்த வருடம் அங்கே வீடு.

முதல் வருடம் எனக்கு மட்டை கழிக்கிற வேலை, புல் அறுக்கிற வேலை. தண்ணீர் பாய்ச்சுகிறவர் ஒரு சிந்துக்காரர். ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வரும். ஒவ்வொரு தோப்புக்கும் முறை உண்டு. அந்தக் காலத்தில் ஆள் நின்று தன் நிழலைக் காலடியால் அளந்து முறை மாற்றுவார்களாம். இப்போது கைக்கடிகாரம். சிந்துக்காரர் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது மம்பட்டியை என்னிடம் கொடுத்து, எந்த மடையை எப்போது திறப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். வடிகால் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

வடிகால் தோப்பின் கிழக்கு மூலையில் இருந்தது. சுவருக்கு அடியில் கல் வைத்துக் கட்டிய துவாரம். மரங்களுக்குப் பாய்ந்து மிச்சமான தண்ணீர் அதன் வழியாக வெளியே போகும். நான் தினம் அதைப் பார்ப்பேன். கண்ணாடி மாதிரித் தண்ணீர். யாருக்கும் இல்லாமல் போகிறது என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடக் கோடையில் மனைவி ஒரு கேசட் அனுப்பினாள். ஊருக்குப் போய் வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தாள். எங்களுக்கு எழுத்தைவிட அது சௌகரியம். மத்தியானம் மரத்தடியில் படுத்துக்கொண்டு கேட்டேன். பின்னால் கோழி சத்தம், பஸ் ஹாரன். அவள் குரல்.

"இந்த வருசமும் இல்ல. கம்மாயில ஆடு படுத்துக் கெடக்கு. தண்ணி லாரிக்குக் கொடத்த வரிசையில வச்சுட்டு ஆபீஸுக்கு ஓடுதேன். அங்கன எப்படி இருக்கு? தண்ணி இருக்குன்னு சொன்னீங்களே, நெசமாவே இருக்கா?"

டேப்பை நிறுத்தினேன். எழுந்து மம்பட்டியை எடுத்தேன். கிழக்கு மூலைக்குப் போய்த் துவாரத்தை மண்ணால் அடைத்தேன். இரண்டு பக்கமும் வரப்பு போட்டேன். மண்ணை மிதித்து இறுக்கினேன். கால் அந்த வேலையை மறக்கவில்லை.

தோப்புக்காரர் கடலில் இருந்தார். அந்தத் தடவை ஆள் குறைவு என்று ஒரு மாதத்துக்கு மேல் கரைக்கு வரவில்லை. கேட்க ஆள் இல்லை.

நாலைந்து முறை கழிந்தது. கிழக்குப் பக்கம் முழுவதும் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் மரங்கள் தலைகீழாக நின்றன. வானம் கீழே கிடந்தது. ஒரு கொக்கு வந்தது. தட்டான்கள் வந்தன. வேலை முடிந்ததும் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கம்மாய் நிறைந்தால் ஊரே கரையில் நிற்குமே, அந்த மாதிரி. இங்கே நான் ஒருவன். மத்தியான வெக்கையில் மற்ற எல்லாம் நடுங்கும். அந்தத் தண்ணீர் மட்டும் அசையாது. சில சமயம் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். தூக்கத்திலும் அதே தண்ணீர்தான் இருக்கும். அந்த நாட்கள் மாதிரி நிம்மதியாக நான் பிறகு இருந்ததில்லை. சொல்லத்தான் வேண்டும்.

அண்ணாச்சி ஒரு நாள் சுவருக்கு வெளியே நின்று கூப்பிட்டார். அங்கே ஒரு நடைமுறை உண்டு. தண்ணீர் விஷயமாக அடுத்தவர் தோப்புக்குள் கால் வைக்கக் கூடாது. சுவருக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். உள்ளே வந்து பார்ப்பது தோப்புக்காரரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

"ஏலே, ஊத்துல தண்ணி எப்படி வருது?"

"கொஞ்சம் கம்மிதான் அண்ணாச்சி. நம்ம முறைக்கு வந்துரும்."

"எங்களுக்குச் சுத்தமா வரல. வாய்க்கால்ல பாசி காஞ்சு கெடக்கு. செத்துட்டு போல ஊத்து."

"எல்லா ஊத்தும் அப்படித்தான போகுது."

"அம்மா மல்லிப் பாத்தி வாடுது. கொடத்துல தூக்கி ஊத்துதேன். எம்புட்டு ஊத்த?"

எங்கள் இரண்டு தோப்புக்கும் ஒரே ஊற்று என்று எனக்குத் தெரியும். வாய்க்காலில் அவர்களுக்குத் தனி மடை இருக்கும் என்று நினைத்திருந்தேன். பொய் சொல்லவில்லை. தெரியாது.

அந்த மல்லி நம் குண்டுமல்லிதான். அவர்கள் ராஸ்கி என்பார்கள். அந்த அம்மாள் சாயங்காலம் பறித்துத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் அனுப்புவாள். அண்ணாச்சி அதை நம் ஊர்க் கட்டாகக் கட்டிக் கொடுப்பார். அந்தத் தெருவில் கல்யாணம் என்றால் அந்தச் சரம்தான். எட்டு வருடம் அவர் அங்கே நின்றதே அந்தப் பாத்தியை வைத்துத்தான்.

பிறகு தோப்புக்காரர் கரைக்கு வந்தார். காலையில் கார் நின்ற சத்தம் கேட்டது. நேரே கிழக்குப் பக்கம் வந்தார். தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். அதன் ஓரத்தில் வற்றிய இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் அதைக் கவனித்திருந்தேன். பனி மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தார். உப்பு.

அந்தத் தண்ணீரில் கொஞ்சம் உப்பு உண்டு. ஓடினால் உப்பும் சேர்ந்து ஓடும். நின்றால் உப்பு நிற்கும். எங்கள் வேம்பார் பக்கத்து உப்பளத்தில் பாத்தி கட்டுவதும் அதற்குத்தானே. எனக்கு உறைக்கவில்லை.

அவர் திட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கித் துவாரத்து மண்ணைக் கையாலேயே தோண்டி எடுத்தார். தண்ணீர் சத்தத்தோடு கிளம்பியது. என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். தண்ணீரோடு சேர்ந்து நடந்தோம். அது சுவரைத் தாண்டி, கல் பதித்த ஒரு பழைய கால்வாயில் இறங்கியது. பாதையின் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. பாழாகிக் கிடந்த இரண்டு தோப்புகளைக் கடந்தது. கல்லெல்லாம் ஆள் கால்பட்டு வழுவழுப்பாகியிருந்தது. எத்தனை தலைமுறைக் கால் என்று தெரியாது. தண்ணீரின் முன்னால் காய்ந்த இலைகளும் எறும்புகளும் மிதந்து போயின. நாங்கள் மெதுவாக நடந்தோம். தண்ணீரும் மெதுவாகத்தான் வந்தது. கடைசியில் அது ஒரு சுவரின் கீழே நுழைந்தது.

அண்ணாச்சி தோப்பின் சுவர்.

தோப்புக்காரர் எங்கள் தோப்பைக் காட்டினார். பிறகு இந்தத் தோப்பைக் காட்டினார். ஒரு விரலைத் தூக்கினார். ஒரே தண்ணீர். மேலே இருப்பவன் குடித்து மிச்சத்தை விடுவது, கீழே இருப்பவன் அதைக் குடிப்பது. ஊர் உண்டான நாளிலிருந்து அப்படித்தான். நடுவில் அடுத்தவர் தோப்பு இருப்பதால் அண்ணாச்சி இந்தக் கால்வாயின் தலை வரை வந்து பார்த்திருக்க மாட்டார்.

நான் சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மல்லிப் பாத்தி தீப்பெட்டிக் குச்சியை நட்டு வைத்தது மாதிரி இருந்தது.

ஆள் குறைவு இன்னும் தீராததால் அவருக்கு அன்று மத்தியானமே திரும்பக் கடலுக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த வாரம் வந்து அந்த அம்மாளிடம் தானே பேசுவதாகச் சைகையில் புரியவைத்தார். கையால் பொறு என்று காட்டினார். அவர் போனதும் நான் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு வண்டி நின்றது. பக்கத்தில் அண்ணாச்சியின் பெட்டி, கயிறு போட்டுக் கட்டி இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"அனுப்புதாவலே. அம்மாவோட தம்பி வந்திருக்காரு. செடியக் கொன்னுட்டேன்னு சொல்லுதாரு. தண்ணி வரலன்னா அத அன்னைக்கே வந்து சொல்லணுமாம். தூங்கிட்டேனாம். தோப்பு இனி எதுக்கு, மனை போட்டுருவோம்னு அக்காகிட்டச் சொல்லிக்கிட்டு இருக்காரு."

அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். கண் சிரிக்கவில்லை.

உள்ளே முற்றம். தேக்குக் கதவு பாதி திறந்திருந்தது. கதவுக்குப் பின்னால் அந்த அம்மாள் கறுப்புத் துணிக்குள் உட்கார்ந்திருந்தாள். தம்பி வெளியே பாயில் உட்கார்ந்திருந்தார். கையில் அண்ணாச்சியின் பாஸ்போர்ட். நான் போய் நின்றேன். எனக்குத் தோட்டச் சொற்கள் தவிர அரபி தெரியாது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"நான் சொல்லுதத அவியகிட்டச் சொல்லுங்க. தண்ணிய அடைச்சது நான்."

"என்னலே சொல்லுத?"

"ஒங்களுக்கு வார தண்ணி எங்க வடிகால்ல இருந்துதான் வருது. எனக்குத் தெரியல. வீணாப் போகுதேன்னு மண்ணு போட்டு அடைச்சுட்டேன். ஒரு மாசத்துக்கு மேல."

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அறையப் போகிறார் என்று நினைத்தேன்.

"எட்டு வருசம்லே. எட்டு வருசம்." பிறகு மூச்சை விட்டார். "எம் பெட்டி கட்டியாச்சு. நீயும் எதுக்குச் சாகுத?"

திரும்பி அரபியில் அவர்களிடம் பேசினார். நீளமாகப் பேசினார். எனக்கு ஒரு சொல் புரிந்தது. மரம். இன்னொன்று புரிந்தது. விழுந்தது. பழைய மரம் ஒன்று கால்வாயில் விழுந்து அடைத்துக்கொண்டது என்று சொல்கிறார் போல. என் பெயரைச் சொல்லவில்லை.

தம்பிக்காரர் சத்தம் போட்டார். விரலை அண்ணாச்சி முகத்துக்கு நேரே நீட்டினார். என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. மரம் விழுந்தது ஒரு மாதமாக உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? அந்தப் பொய்யும் அண்ணாச்சி தலையில்தான் விழுந்தது.

நான் முன்னால் போனேன். நெஞ்சில் கை வைத்தேன். மம்பட்டியால் மண் அள்ளிப் போடுகிற மாதிரி செய்து காட்டினேன்.

"அனா," என்றேன். "அனா சக்கர் மொய்யா."

நான். நான் தண்ணீரை அடைத்தேன். எனக்கு அவ்வளவுதான் வரும்.

மேலே ஓலைகள் உரசுவது கேட்டது. கதவுக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"ஏன் அடைச்சேன்னு கேக்காவ," என்றார் அண்ணாச்சி.

"எங்க ஊர்ல தண்ணிய வெளிய விடக் கூடாது. அதான் பழக்கம்னு சொல்லுங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அவரும் கரிசல்காரர்தானே. பிறகு சொன்னார். நான் சொன்னதைவிடப் பத்து மடங்கு நீளமாகச் சொன்னார். கையை விரித்து நிலத்தின் வெடிப்பைக் காட்டினார். மேகத்தைக் காட்டினார். ஓடுகிறவனைக் காட்டினார்.

அந்த அம்மாள் கேட்டாள். அண்ணாச்சி திருப்பிச் சொன்னார்.

"ஆறு இல்லையான்னு கேக்காவ."

"இல்ல."

"ஊத்து?"

"இல்ல."

"அப்ப எதக் குடிக்கியன்னு கேக்காவ."

"மழைய."

தம்பிக்காரர் ஏதோ ஆரம்பித்தார். அவள் உள்ளிருந்து கையை மட்டும் நீட்டினாள். கையில் மருதாணி மங்கியிருந்தது. அவர் பாஸ்போர்ட்டை அந்தக் கையில் வைத்தார். கை உள்ளே போனது. பிறகு அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அண்ணாச்சி ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னார்.

"இங்கன ஒரு பழைய நியாயம் உண்டாம். மேல தண்ணிய அடைச்சவன், கீழ்த் தோப்புல கடைசி வேர் நனையுத வரைக்கும் வந்து நிக்கணும். பேரீச்சம்பழம் அறுத்து முடியுத வரைக்கும் ஒவ்வொரு முறைக்கும். வேற தண்டனை இல்ல. அவிய மாமனார் காலத்துல ஒருத்தர் நின்னாராம். பெரிய மனுசராம். வெயில்ல நின்னாராம்."

"நீங்க?"

"நான் இருக்கலாமாம். எம் பெட்டிய அவுக்கச் சொல்லுதாவ." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ எங்கிட்டப் பேசாத."

என் தோப்புக்காரர் அடுத்த வாரம் வந்ததும் நடந்ததைக் கேட்டறிந்தார். தலையை ஆட்டினார். நியாயம்தான் என்றார். அந்தக் கோடை முழுவதும் முதலில் கீழ்த் தோப்புக்கு விட்டு, மிஞ்சினால்தான் எங்களுக்கு. எங்கள் எலுமிச்சை மரம் நாலு போயிற்று.

நான் முறை நாளெல்லாம் போனேன். மல்லிப் பாத்தியின் கடைசிக் குழியில் நிற்பேன். மேலே நான் திறந்துவிட்டு வந்த மடையிலிருந்து தண்ணீர் வந்து சேர வெகு நேரம் ஆகும். முதலில் ஒன்றும் இருக்காது. பிறகு கால்வாயில் ஒரு வாடை வரும். காய்ந்த மண் ஈரம் பட்டால் வருகிற வாடை. எங்கள் ஊரில் முதல் மழைக்கு வருவதும் அதுதான். பிறகு இலை ஒன்று நகரும். அதன் பின்னால் தண்ணீர் நாக்கை நீட்டும். குழி குழியாக நிரப்பிக்கொண்டு வரும். என் கால் விரலில் படும்போது கண் சொருகும். வெயில் தலையில் நிற்கும். இந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கேயோ என்றோ பெய்து பூமிக்கு அடியில் போன மழை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த மழை பெய்தபோது யார் வரப்பு கட்டினார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். நிற்கிறேனா, தூங்குகிறேனா என்று தெரியாது.

அண்ணாச்சி பேசவில்லை. வாய்க்காலை வெட்டி விடுவார். என் பக்கம் வரும்போது என் காலைச் சுற்றி மண்ணை வெட்டுவார். ஒரு செடிக்கு அணைப்பது மாதிரி. ஒரு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு நாள் பாத்தியில் குனிந்தவர் அப்படியே இருந்தார். அடிக்கட்டையில் பச்சையாக ஒரு முளை, அரிசி அளவு.

"வேரு சாகலலே," என்றார்.

என்னிடம் சொன்னாரா, செடியிடம் சொன்னாரா தெரியவில்லை. எல்லாச் செடியும் துளிர்க்கவில்லை. பாதிக்கு மேல் துளிர்த்தது.

பழம் அறுத்து முடிந்தது. அந்த அம்மாள் ஒரு கூடைப் பழம் என் தோப்புக்குக் கொடுத்துவிட்டாள். நியாயம் முடிந்தது என்று அதற்கு அர்த்தமாம். மனை விற்கிற பேச்சு அந்த வருடம் எழவில்லை.

அடுத்த முறை நாளில் நான் போய்க் கடைசிக் குழியில் நின்றேன். அண்ணாச்சி மம்பட்டியோடு வந்தார்.

"அதான் முடிஞ்சிட்டுல்லா. எதுக்கு வந்த?"

"தண்ணி வந்தாப் பாத்துட்டுப் போறேன்."

"ஒன் தோப்புல வேலை இல்லையா?"

"இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"பசுவந்தனைக்காரன்கிட்டத் தண்ணிய நம்பி விட முடியுமாலே?"

அவர் மம்பட்டியை என் கையில் கொடுத்தார். போய்ப் பேரீச்சை மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். முகத்தின் மேல் கையை மடித்துப் போட்டுக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. நான் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கால்வாயைப் பார்த்து நின்றேன்.